பொருளியல் பட்டதாரிகளின் மேற்படிப்பு: பணமும் பிணையும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்று, தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்பவர் பதவியில் உறுதிப்படுத்தப்பட, உரிய காலத்துக்குள் பட்டப்பின் தகைமை பெறவேண்டும்.

உள்நாட்டில், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 2005இல் அமைந்த மானிடவியல், சமூக விஞ்ஞான உயர்கற்கைகளுக்கான தேசிய நிலையம், பல்கலைக்கழக ஆசிரியர்களின் மேற்படிப்புக்கு நிதி வழங்குகிறது.

விரிவுரையாளர் அல்லாத பட்டதாரிகளும் பிரித்தானியாவின் செவனிங், அமெரிக்காவின் புல்பிரைட் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்கலாம். செவனிங் ஓராண்டு முதுமாணிப் படிப்புக்கானது. 2 ஆண்டு வேலை அனுபவம் தேவை. இரண்டிலும் படிப்பு முடிந்தபின் 2 ஆண்டுகள் நாட்டில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை.

விரிவுரையாளர் சம்பளத்துடன் கல்வி விடுமுறையில் செல்வதானால், பிணையாளிகளுடன் ஒப்பந்தமும் கைச்சாத்திடவேண்டும். அவர் திரும்பிவந்து சேவை செய்யாவிட்டால், பணம் பிணையாளிகளிடமும் அறவிடப்படும். போரால் குடும்பம் சிதறியவர்களுக்குப் பிணை நிற்க ஆள் கிடைப்பது இலகுவல்ல. ஆகவே, அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே உறவினரிடமும் நண்பர்களிடமும் கேட்டுவையுங்கள்.

இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்தவர்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெறலாம். விண்ணப்ப முடிவுத் திகதிக்குச் சில மாதங்கள் முன்பே இவற்றைத் தேடத் தொடங்குங்கள்.