வீடற்றோர் பட்டியலும் வீடுகளின் கணக்கும்: அமெரிக்க நகரங்களின் பகிர்தரவு அமைப்புகள் குறித்து

அமெரிக்க நகரமொன்றில் வீடிழந்த ஒருவர் ஒரே மாதத்தில் இரவுக் காப்பகம், இலவச உணவுக்கூடம், அவசரச் சிகிச்சைப் பிரிவு, முன்னாள் படைவீரர் அலுவலகம் என நான்கைந்து வாசல்களில் நிற்கிறார். ஒவ்வோர் இடத்திலும் தன் கதையை முதலிலிருந்து சொல்கிறார். ஒவ்வோர் இடத்திலும் புதிய ஆளாகவே பதிவாகிறார். இந்தச் சிதறலைப் போக்க, உள்ளூர்தோறும் பொதுவான தரவுத்தளம் வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் 2001இல் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையைப் பணித்தது. அதற்கான தரநிலைகள் 2004இல் வெளியாயின. எச்.எம்.ஐ.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் அந்த அமைப்பில் பதிவு செய்வது, மத்திய அரசின் நிதியைப் பெறும் சேவை நிறுவனங்களுக்கு இன்று பெரும்பாலும் கட்டாயம்.

ஒரு நகரின் சேவை நிறுவனங்களையும் அரசையும் கணக்குக் கேட்க உதவும்வரை பகிர்தரவு ஏழைகளுக்குத் துணை நிற்கிறது. இருக்கும் சொற்ப வீடுகளுக்காக அவர்களையே தரம் பிரிக்கத் தொடங்கும்போது, வீடுகள் ஏன் சொற்பம் என்ற கேள்வியை அது மூடிவிடுகிறது. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

முதல் பயன்பாட்டின் வலிமைக்கு டென்னிஸ் கல்ஹேன் சான்று. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளரான அவர், நியூயார்க், பிலடெல்பியா நகரங்களின் காப்பகப் பதிவேடுகளை ராண்டல் கூனுடன் சேர்ந்து ஆராய்ந்து 1998இல் முடிவுகளை வெளியிட்டார். காப்பகங்களுக்கு வந்தவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் சில காலம் தங்கி, பிறகு திரும்பாதவர்கள். நெடுங்காலம் தங்கியவர்கள் சுமார் 10 விழுக்காடு. ஆனால் காப்பக நாட்களில் ஏறக்குறைய பாதி அவர்களுக்கே செலவாகியிருந்தது. 2002இல் அவரும் ஸ்டீபன் மெட்ரோவும் டிரெவர் ஹேட்லியும் காப்பகம், மருத்துவமனை, சிறை ஆகியவற்றின் பதிவுகளை இணைத்துப் பார்த்தார்கள். கடுமையான மனநோயுடன் நியூயார்க்கில் வீடற்றிருந்த ஒருவருக்காக இந்தப் பொதுச் சேவைகள் ஆண்டுக்குச் சராசரியாக 40,451 டாலர் செலவிட்டு வந்தன. ஆதரவுச் சேவைகளோடு வீடு கொடுத்தபின், வீடொன்றுக்கு ஆண்டுச் செலவு 16,281 டாலர் குறைந்தது. அந்த வீட்டுக்கான செலவில் பெரும்பகுதியை இதுவே ஈடுகட்டியது. தெருவில் விடுவது சிக்கனம் என்ற நம்பிக்கையை உடைத்தவை இந்த எண்கள். இதில் கேள்விக்குள்ளானது அரசின் செலவே. வீடற்றவர்களின் நடத்தை அன்று.

இரண்டாவது பயன்பாட்டுக்கு வருவோம். ‘ஒருங்கிணைந்த நுழைவு’ என்ற முறையில், எந்த வாசலில் நுழைந்தாலும் ஒரே வினாப்பட்டியல், ஒரே காத்திருப்புப் பட்டியல். நோக்கம் நேரியது: தெரிந்தவர் சிபாரிசும், முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற வழக்கமும் ஒழிய வேண்டும். இதற்கென 2013இல் உருவாகி நாடெங்கும் பரவிய வினாத்தாள் வி.ஐ.ஸ்பி.டாட். களப்பணியாளர் நடைபாதையில் அமர்ந்து கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்: கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை அவசரச் சிகிச்சைக்குப் போனீர்கள்? யாரேனும் உங்களைத் தாக்கினார்களா? யாருக்காவது கடன்பட்டிருக்கிறீர்களா? பணத்துக்காக உடலுறவு கொள்வது, போதைப்பொருள் கடத்துவது போன்ற ஆபத்தான செயல்களில் ஈடுபடுகிறீர்களா? ‘ஆம்’ என்ற விடைகள் மதிப்பெண்ணைக் கூட்டுகின்றன. தனிநபருக்கான இரண்டாம் பதிப்பில் 8 அல்லது அதற்கு மேல் எடுத்தால் நிலையான ஆதரவு வீட்டுக்கான பரிந்துரை. 3 வரை எடுத்தவருக்கு வீட்டுதவிப் பரிந்துரையே இல்லை.

முன்பின் தெரியாதவரிடம் தன் வாழ்வின் மிக இழிவான நேரங்களைச் சொன்னால்தான் வரிசையில் முன்னேறலாம் என்ற நிலை இது. சொல்லத் துணிந்தவர் தனக்கெதிராகத் தானே வாக்குமூலம் தருகிறார், கூசியவர் பின்தங்குகிறார். ஓரிகன், வெர்ஜீனியா, வாஷிங்டன் மாநிலங்களின் சில மாவட்டத் தரவுகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, இக்கருவியில் வெள்ளையரைவிட மற்ற இனத்தவர் குறைந்த மதிப்பெண் பெறுவதைக் காட்டியது. ஒடுக்கப்பட்ட மக்கள் அதிகாரத்தின் முன் எச்சரிக்கையாகப் பேசுவார்கள் என்பதை வினாத்தாள் கணக்கில் கொள்ளவில்லை. உருவாக்கியவர்களே 2020 டிசம்பரில் அதைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் இதே முறையை நேரில் ஆராய்ந்த வர்ஜீனியா யூபாங்க்ஸ், 2018இல் வெளியான தம் நூலில் காட்டும் நிலையும் இதுவே: வீடு கிடைத்தவருக்கு இந்த ஏற்பாடு வரம், கிடைக்காதவருக்கு அந்தரங்கம் பறிபோனதே மிச்சம்.

கருவியின் பிழையைத் திருத்தினால் போதும் என்பார் உண்டு. நான் உடன்படவில்லை. நூறு பேருக்குப் பத்து வீடுகள் இருக்கும் ஊரில், எவ்வளவு நேர்த்தியான மதிப்பெண்ணும் தொண்ணூறு பேரைத் திருப்பி அனுப்பவே உதவும். அந்தத் திருப்பி அனுப்புதலுக்கு அறிவியலின் முத்திரையும் கிடைத்துவிடும். 2024 ஜனவரியில் ஓரிரவுக் கணக்கெடுப்பு நாடெங்கும் காட்டிய வீடற்றோர் எண்ணிக்கை 7,71,480. பட்டியல் முறை நாடெங்கும் வேரூன்றிய பிறகும் இந்த நிலை.

ஹூஸ்டனின் அனுபவத்தையும் இந்த ஒளியில்தான் படிக்க வேண்டும். 2012 முதல் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் தனித்தனிப் பட்டியல்களை விட்டு ஒரே பட்டியலின்கீழ் வந்தன. பத்தாண்டுகளில் 25,000க்கு மேற்பட்டோர் வீடுகளில் குடியேறினர். வீடற்றோர் எண்ணிக்கை 2011ஐவிட 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. தரவின் வெற்றி என்று இதைப் பலர் எழுதுகிறார்கள். பாதி உண்மை. வாடகை ஒப்பீட்டளவில் மலிவான, கட்டட விதிகள் தளர்ந்த ஊர் அது. காலியாகும் அடுக்குமாடி வீடுகளை உரிமையாளர்களிடம் பேசிப் பிடித்துவைக்கத் தனி ஆட்கள் இருந்தார்கள். ஆட்களின் பட்டியலுக்கு எதிரே வீடுகளின் பட்டியலும் இருந்ததால்தான் முன்னது நகர்ந்தது. இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரில் மாதந்தோறும் புதுப்பிக்கப்பட்ட பெயர்ப்பட்டியலும் இவ்வாறே இயங்கியது: இந்த மாதம் எத்தனை பேர் புதிதாக வந்தார்கள், எத்தனை பேர் வீடு புகுந்தார்கள், யார் எந்த அலுவலகத்தில் தேங்கி நிற்கிறார்கள் என்று அது பதில் கேட்டது.

இனி, அந்தரங்கம். 2005ஆம் ஆண்டின் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டப் புதுப்பிப்பு, குடும்ப வன்முறைக்கு உள்ளானோருக்கான சேவை நிறுவனங்கள் அவர்களின் அடையாளத்தை எச்.எம்.ஐ.எஸ்.இல் இடுவதையே தடை செய்தது. துரத்தும் கணவன் கையில் முகவரி சிக்கக் கூடாது என்ற அந்த அக்கறை மற்றவர்களுக்கு நீளவில்லை. 2004 தரநிலைகளின்படி, சில சூழல்களில் நீதிமன்ற ஆணை இல்லாமலே, மேலதிகாரி கையொப்பமிட்ட எழுத்துக் கோரிக்கையின் பேரில் காவல்துறைக்குத் தகவல் தர இடமுண்டு. 2024 ஜூனில் கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு, பொது இடத்தில் படுத்துறங்குவோரைத் தண்டிக்க நகரங்களுக்கு வழிவிட்டபின், ஒருவர் எங்கே உறங்குகிறார் என்று களப்பணியாளர் உதவிக்காகக் குறித்துக்கொண்ட வரியே அவருக்கு எதிரான சான்றாகலாம்.

ஆகவே இத்தகைய அமைப்புகளுக்கு நிதி தருவோர் மூன்றை நிபந்தனையாக்க வேண்டும். நீதிமன்ற ஆணையின்றிக் காவல்துறைக்குத் தகவல் போகக் கூடாது. வீடு கிடைத்தவர் கேட்டால், சேவைக்குத் தேவைப்படாத அந்தரங்க விடைகளை அழிக்க வேண்டும். மூன்றாவதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்: வினாத்தாளுக்கு விடையளித்தும் எந்த வீட்டுக்கும் அனுப்பப்படாதவர் எத்தனை பேர், எத்தனை மாதமாகக் காத்திருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு நகரமும் பெயர் குறிக்காமல் மாதந்தோறும் வெளியிட வேண்டும். அதற்கு வேண்டிய தரவு முழுவதும் இன்றே கணினியில் இருக்கிறது.