மன்ஸனார்: வேலிக்குள் காய்த்த பேரி மரங்கள்

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மேமத் பக்கம் பனி பார்க்கப் போகும் நம்மவர்கள் எல்லோரும் 395ஆம் நெடுஞ்சாலையில் லோன் பைன் ஊரைத் தாண்டித்தான் போகிறோம். அடுத்த ஊரான இண்டிபென்டன்ஸ் வருவதற்கு முன்னால், சாலைக்கு மேற்கே ஒரு காவல் கோபுரம் தெரியும். பலர் வண்டியின் வேகத்தைக் கூடக் குறைப்பதில்லை. அந்தக் கோபுரத்துக்குப் பின்னால், புதர்க்காட்டின் நடுவே, நூறு வயதைக் கடந்த பேரிக்காய் மரங்களும் ஆப்பிள் மரங்களும் நிற்கின்றன. கலிபோர்னியாவில் நிலம் யாருக்கு, நீர் யாருக்கு, குடியுரிமை யாருக்கு என்று நடந்த வழக்குகள் எல்லாம் இந்த மரங்களின் தலையில் வந்து விடிந்திருக்கின்றன. இங்கே வந்து குடியேறி, வீட்டுக்குப் பின்னால் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வைத்து வளர்க்கும் நாம் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது சரியல்ல என்பது என் எண்ணம்.

பசிபிக்கிலிருந்து வரும் மேகங்களைச் சியரா நெவாடா மலைத்தொடர் தன் மேற்குச் சரிவிலேயே பிழிந்துவிடுகிறது. கிழக்கே கிடக்கும் ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்கு ஆண்டுக்கு ஐந்தாறு அங்குல மழை கிடைத்தாலே பெரிது. கோடையில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும் வெயில், குளிர்காலத்தில் உறைபனி, போதாததற்கு மணலை அள்ளி வீசும் காற்று. ஆனால் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த வில்லியம்ஸன் சிகரத்தின் பனி உருகி ஓடைகளாக இறங்கும் இடமும் இதுவே. ஓடையைத் திருப்பத் தெரிந்தால் இந்த மண்ணில் எதுவும் விளையும். இதை முதலில் கண்டவர்கள் பையூட் மக்கள். வெள்ளையர் வருவதற்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்கில் ஓடைகளை மறித்து, வாய்க்கால் வெட்டி, கிழங்கு தரும் காட்டுச் செடிகளுக்கு நீர் பாய்ச்சியவர்கள் அவர்கள். 1863இல் ராணுவம் அவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தெற்கே தெஹோன் கோட்டைக்கு நடத்திக் கொண்டுபோனது. அதற்கு அடுத்த ஆண்டு ஜான் ஷெப்பர்ட் என்பவர் இங்கே 160 ஏக்கரில் குடியேறினார். நிலத்தில் ஐந்தாண்டு தங்கிப் பாடுபட்டால் பட்டா என்று சொன்ன 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டத்தின் காலம் அது. பின்னாளில் திரும்பி வந்த பையூட் மக்கள், தங்கள் பழைய நிலத்திலேயே அவரிடம் கூலிக்கு உழைத்தார்கள். இந்தத் தோட்டத்தின் வரலாற்றை ஷெப்பர்டிலிருந்து தொடங்குவது வழக்கம். வாய்க்காலிலிருந்து தொடங்குவதே நியாயம்.

ஷெப்பர்டின் பண்ணையை 1905இல் வாங்கியவர் ஜார்ஜ் சாஃபி. ஆஸ்திரேலியாவின் மில்டுரா பாசனக் குடியிருப்பை உருவாக்கிய அதே சாஃபிதான். 1910இல் நிலத்தைத் துண்டு போட்டு விற்று, பாசனக் குழாய் பதித்து, ஆயிரக்கணக்கில் கன்று நட்டு, ஓர் ஊரையே எழுப்பினார்கள். ஊருக்கு மன்ஸனார் என்று பெயர். ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோப்பு. 1920 அளவில் இருபத்தைந்துக்கு மேல் வீடுகள், இரண்டு அறைப் பள்ளிக்கூடம், ஒரு கடை, ஒரு மன்றம், ஏறத்தாழ 5,000 ஏக்கர் சாகுபடி. ஆப்பிளும் பேரியும் பீச்சும்தான் ஊரின் வருமானம்.

அந்தக் கன்றுகள் எங்கிருந்து வந்தவை என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய்மரத்தின் பழம் வராது. எதுவோ ஒன்று வரும். பேரியும் அப்படித்தான். நல்ல ரகம் வேண்டுமென்றால் அந்த மரத்திலிருந்தே ஒட்டுக்குச்சி எடுத்து, வேறொரு வேர்ச்செடியின் மேல் ஒட்டுக் கட்டியாக வேண்டும். அதனால் ஒரு ரகத்தின் மரங்கள் அத்தனையும், எத்தனை தலைமுறை கடந்தாலும், எந்தக் கண்டத்தில் நின்றாலும், முதல் மரத்தின் கிளைகளே. மன்ஸனாரில் இருந்த ஸ்பிட்ஸன்பர்க் ஆப்பிள், நியூயார்க் மாநிலத்தின் ஈஸோபஸ் என்ற ஊரில் பதினெட்டாம் நூற்றாண்டில் முளைத்த ஒரே மரத்தின் நீட்சி. தாமஸ் ஜெஃபர்ஸன் தம் மான்ட்டிசெல்லோ தோட்டத்தில் வைத்ததும் அதுவே. பார்ட்லெட் பேரி இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு வில்லியம்ஸ் என்று பெயர். மாசசூசெட்ஸில் ஈனாக் பார்ட்லெட் வாங்கிய தோட்டத்தில் அது பெயர் தெரியாமல் நின்றதால் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. குளிர்காலம் வரை வைத்துத் தின்னும் வின்டர் நேலிஸ் பேரி பெல்ஜியத்தின் மெகலன் நகரத்துச் சரக்கு. இப்படிக் கடலும் கண்டமும் தாண்டி, கை மாறிக் கை மாறி வந்த குச்சிகள் சியராவின் அடிவாரத்தில் வேர் பிடித்தன. பிழைக்க வந்தவர்கள் நட்ட, பிழைக்க வந்த மரங்கள்.

அந்த ஊர் ஒரு தலைமுறைகூட நிலைக்கவில்லை. சாஃபி பண்ணையை வாங்கிய அதே 1905இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இந்தப் பள்ளத்தாக்கின் நீருரிமைகளைச் சத்தமில்லாமல் வாங்கத் தொடங்கியிருந்தது. வில்லியம் மல்ஹாலண்ட் கட்டி முடித்த 233 மைல் கால்வாய் 1913 நவம்பரில் ஓவன்ஸ் ஆற்றை நகரத்துக்குத் திருப்பியது. பிறகு கிணறுகள் தோண்டி நிலத்தடி நீரையும் இறைத்தார்கள். 1924இல் பள்ளத்தாக்குக்காரர்கள் கால்வாய்க்கு வெடி வைத்தார்கள்; அந்த நவம்பரில் அலபாமா மதகுகளைக் கைப்பற்றி நீரை ஆற்றுக்கே திறந்துவிட்டு நான்கு நாள் உட்கார்ந்தார்கள். எதுவும் நிற்கவில்லை. 1929க்குள் மன்ஸனாரின் நிலமும் நீரும் முழுதாக நகரத்தின் கைக்குப் போயின. அடுத்த ஐந்தாண்டில் ஊர் காலி. வீடுகள் போய்விட்டன. மரங்களை யாரும் கொண்டுபோக முடியவில்லை.

பிறகு ஜப்பானுடன் போர் மூண்டது. 1942 பிப்ரவரி 19ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் ஆணை, மேற்குக் கடற்கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்ற வழி செய்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். மார்ச் மாதமே மன்ஸனாரில் முகாம் திறந்துவிட்டது. முட்கம்பி, எட்டுக் காவல் கோபுரங்கள், 36 பிளாக்குகளாகத் தார்த்தாள் ஒட்டிய 504 கொட்டகைகள். உச்சத்தில் 10,000 பேருக்கு மேல் அங்கே அடைபட்டிருந்தார்கள். கொட்டகை போட்டவர்கள் பழைய மரங்கள் எல்லாவற்றையும் வெட்டிவிடவில்லை. கொட்டகைகளுக்கு நடுவிலும் தீப்பரவல் தடுக்க விட்ட வெற்றிடங்களிலும் பேரியும் ஆப்பிளும் தப்பி நின்றன, காய்ந்த கொப்புகளும் குறுக்கு வளர்ச்சியுமாக.

வந்தவர்கள் யார்? லாஸ் ஏஞ்சல்ஸின் தோட்டக்காரர்கள், நாற்றுப்பண்ணை வைத்திருந்தவர்கள், காய்கறி விளைவித்தவர்கள், வாஷிங்டன் மாநிலத்து பெயின்பிரிட்ஜ் தீவின் ஸ்ட்ராபெர்ரி விவசாயிகள். மரத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காதவர்கள். ஷெப்பர்ட் ஓடையின் நீர் மறுபடியும் மரங்களின் அடிக்கு வந்தது. பட்ட கிளைகளைக் கழித்து, உள்ளே வெளிச்சம் போகும்படி கவாத்து செய்து, பாத்தி கட்டி நீர் விட்டார்கள். மரங்கள் காய்த்தன, பழம் முகாமின் சாப்பாட்டுக் கூடங்களுக்குப் போனது. முகாமில் தேர்ந்த வேலைக்காரனுக்கு மாதச் சம்பளம் 16 டாலர், சாதாரண வேலைக்கு 12.

இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் கவாத்தின் கனம் புரியும். கால்வாய் திறந்த அதே 1913இல் கலிபோர்னியச் சட்டமன்றம் அயலார் நிலச் சட்டத்தை இயற்றியது. அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் விவசாய நிலம் வாங்கக் கூடாது. குத்தகையும் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது. குறி ஜப்பானியர்மேல். 1920இல் குத்தகை வாசலையும் அடைத்தார்கள். ஒட்டுப் பேரி சரியாகக் காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும். மூன்று ஆண்டுக் குத்தகைக்காரன் எதை நம்பிப் பேரி நடுவான்? ஸ்ட்ராபெர்ரியும் தக்காளியும் செலரியும்தான் அவன் பயிர். ஜப்பானில் பிறந்து இங்கே பாடுபட்ட முதல் தலைமுறைக்குப் பழத்தோப்பு எட்டாத பொருளாக இருந்தது. சொந்தமாக ஒரு தோப்பு வைக்கச் சட்டம் விடாத அந்தக் கைகள், கைதியாக்கப்பட்ட பிறகு, இன்னொருவர் விட்டுப்போன தோப்பைப் பிழைக்க வைத்தன. மன்ஸனாரைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கே அவர்கள் கட்டிய கல் தோட்டங்களையும் குளங்களையும் வியந்து எழுதுகிறார்கள். வியக்கத்தக்கவைதான். ஆனால் என்னை உலுக்குவது இந்தக் கவாத்துக் கத்தி. அழகுக்காகக் குளம் கட்டலாம். கவாத்து செய்கிறவன் அடுத்த ஆண்டின் காய்ப்பைக் கணக்கில் வைத்துத்தான் வெட்டுகிறான். அடுத்த ஆண்டு தான் எங்கே இருப்போம் என்று தெரியாதவர்கள் அதைச் செய்தார்கள்.

இந்தச் சட்டத்துக்கும் நமக்கும் உறவு உண்டு. பகத் சிங் திண்ட் வழக்கில் 1923இல் உச்ச நீதிமன்றம் இந்தியருக்குக் குடியுரிமை பெறும் தகுதி இல்லை என்று தீர்த்தது. அதோடு அயலார் நிலச் சட்டம் கலிபோர்னியாவில் உழுதுகொண்டிருந்த பஞ்சாபியரின் கழுத்தையும் பிடித்தது. இந்தியருக்கு 1946இலும், ஜப்பானியருக்கு 1952இலும் குடியுரிமை வாசல் திறந்தது. நிலச் சட்டத்தை மாநில வாக்காளர்கள் ஏட்டிலிருந்து எடுத்தது 1956இல். நாம் இன்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வீடும் கொல்லையும் வாங்குவதற்குப் பின்னால் இத்தனை ஆண்டுகள் இருக்கின்றன.

1945 நவம்பரில் முகாம் மூடியதும் கொட்டகைகளைப் பிரித்து விற்றார்கள். மரங்களுக்கு மறுபடி நீரில்லை. பீச் குறுகிய ஆயுள் கொண்டது, அது நிற்காது. ஆப்பிள் ஓரளவு தாங்கும். பேரியின் கட்டை வேறு. நல்ல இடத்தில் இருநூறு ஆண்டுகூட வாழும். மாசசூசெட்ஸின் டான்வர்ஸில் ஆளுநர் எண்டிகாட் காலத்துப் பேரி மரம் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இன்னும் நிற்கிறது. மன்ஸனாரிலும் எஞ்சியவற்றில் பேரிதான் கண்ணில் படுகிறது. நான் நெருங்கிப் பார்த்த ஒரு மரத்தின் பட்டை சின்னச் சின்னச் சதுரங்களாக வெடித்திருந்தது. நடுத்தண்டு பாதி உளுத்து, ஒரு பக்கப் பட்டை மட்டும் உயிரோடு மேலேறி, அதன் நுனியில் கைக்கெட்டாத உயரத்தில் பிஞ்சு. தோள் உயரத்தில் பழைய வெட்டு ஒன்று. சுற்றிலும் பட்டை உருண்டு வளர்ந்து, மூடியது பாதி, மூடாதது பாதி. எந்தக் காலத்து வெட்டு என்று சொல்ல முடியாது. கிளையின் கழுத்தை விட்டு, தண்டோடு ஒட்டாமல், அளந்து வெட்டியிருந்தது. தெரிந்த கை.

1992இல் மன்ஸனார் தேசிய வரலாற்றுத் தலமானது. இடம் மட்டும் 1997 வரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கே சொந்தம். நிலமாற்றம் செய்துதான் தேசியப் பூங்காத் துறை அதைப் பெற்றது. அதன் பிறகு மரங்களுக்கு மூன்றாம் முறையாக நீரும் கவாத்தும் கிடைக்கின்றன. முதிய மரத்தைப் பராமரிப்பது இளமரத்தைப் போல அல்ல. ஒரே ஆண்டில் அதிகம் கழித்தால் மரம் அதிர்ந்து நீர்க்கொம்புகளாகத் தள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல பருவங்களில் குறைக்க வேண்டும். அடியிலிருந்து முளைப்பவற்றில் ஒட்டுக்கு மேலே வருவது எது, வேர்ச்செடியிலிருந்து வருவது எது என்று பிரித்தறிய வேண்டும். வேர்ச்செடித் துளிர் மேலோங்கினால் மரம் பச்சையாக நிற்கும், ரகம் போய்விட்டிருக்கும். ஒவ்வொரு மரமும் படுவதற்கு முன் அதிலிருந்து ஒட்டு எடுத்தாக வேண்டும் என்பதால் இது காலத்தோடு ஓடும் வேலை.

நுழைவுக் கட்டணம் கிடையாது. பூ பார்க்க ஏப்ரல், காய் பார்க்க ஆகஸ்ட் கடைசி. முகாம்வாசிகளே 1944இல் கட்டிய அரங்கத்தில்தான் இப்போது காட்சிக்கூடம் இருக்கிறது. அங்கே வரைபடம் வாங்கிக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தால், மூன்று நான்கு மரங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்பது தெரியும். 1910ஐ ஒட்டி நட்டவர்கள் பிடித்த கயிற்றின் கோடு அது. கொட்டகைகளின் கான்கிரீட் அடித்தளங்கள் அந்தக் கோட்டை வெட்டிக்கொண்டு வேறு திசையில் போகின்றன.