மாதம் 75 ரூபாய்: இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு உதவித்தொகை வந்த வழி

முதுகலைப் படிப்பை முடித்த ஒருவர் மேலும் சில ஆண்டுகள் ஆராய்ச்சியில் ஈடுபடுவதற்காகப் பல்கலைக்கழகமோ அரசோ அறக்கட்டளையோ மாதந்தோறும் வழங்கும் பணம் ஆய்வு உதவித்தொகை எனப்படுகிறது. தேர்வில் முதலிடம் பெற்றவருக்குத் தரும் பரிசிலிருந்தும், ஏழை மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் தரும் சலுகையிலிருந்தும் இது வேறுபட்டது. சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டிய வயதில் இருக்கும் ஒருவர், ஒரே பொருளை ஆண்டுக்கணக்கில் ஆராய்வதற்குச் செலவிடும் காலத்துக்கு ஈடாக இத்தொகை கொடுக்கப்படுகிறது. அக்காலத்தை யார் பெறலாம், எந்த நிபந்தனையின்பேரில் பெறலாம் என்னும் கேள்விக்கு இந்தியாவில் ஒன்றரை நூற்றாண்டாக அளிக்கப்பட்டுவந்த விடைகளே இந்த உதவித்தொகையின் வரலாறாக அமைகின்றன.

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகங்கள், அன்றைய இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே உருவாக்கப்பட்டன. பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு கல்லூரிகளிடம் இருந்தது; ஆராய்ச்சி யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. பட்டம் பெற்றவருக்கு வழக்கறிஞர் தொழில், வருவாய்த் துறை, ஆசிரியர் பணி ஆகியவை காத்திருந்த காலத்தில், பட்டத்துக்குப் பிறகும் படித்துக்கொண்டிருப்பதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அரசு அலுவலகங்களிலிருந்து எழவில்லை. அது ஒரு வணிகரிடமிருந்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய பம்பாய் வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த், 1866இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு 2 லட்சம் ரூபாய் வழங்கினார். அவர் பெயரால் நிறுவப்பட்ட உதவித்தொகை 1868 முதல் வழங்கப்பட்டது. வங்காளத்தில் அதைப் பெற்றவர்கள் தம் பெயருக்குப் பின்னால் 'பி.ஆர்.எஸ்.' என்று பட்டம்போல் எழுதிக்கொள்ளும் அளவுக்கு அது மதிப்புற்றது. பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகி அதை ஆராய்ச்சி நிறுவனமாக மாற்றிய ஆசுதோஷ் முகர்ஜியும் அதைப் பெற்றவர்களுள் ஒருவர். ஆயினும் தொடக்கத்தில் கடினமான தேர்வு ஒன்றின் அடிப்படையிலேயே அது கொடுக்கப்பட்டமையால், ஆய்வுக்கான தொகை என்பதைக் காட்டிலும் புலமைக்கான பரிசு என்னும் தன்மையே அதில் மிகுந்திருந்தது.

மற்றொரு வழி கடல் கடந்து சென்றது. பிரிட்டனின் கில்கிறிஸ்ட் அறக்கட்டளை நடத்திய போட்டித் தேர்வில் 1882இல் வென்ற பிரபுல்ல சந்திர ராய், எடின்பரோவில் வேதியியல் பயின்று 1887இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றுத் திரும்பினார். 1892இல் ஜாம்ஷெட்ஜி டாடா தொடங்கிய அறநிதியோ, மேற்படிப்புக்கு வெளிநாடு செல்வோருக்குப் பணத்தைக் கடனாகக் கொடுத்து, அவர்கள் வேலைக்குச் சேர்ந்த பின் திருப்பிச் செலுத்தும் தொகையால் அடுத்த தலைமுறையை அனுப்பும் முறையைக் கையாண்டது. நிதி வற்றாமல் சுழல்வதற்கு இது சிறந்த ஏற்பாடு. ஆனால் கடனை அடைக்கக்கூடிய சம்பளம் தரும் துறைகளை நோக்கியே கடன் பெற்றவரை இது தள்ளும் என்பதும் மறுக்க முடியாதது.

1904இல் கர்சன் பிரபுவின் ஆட்சியில் நிறைவேறிய இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம், பல்கலைக்கழகங்கள் தாமே பேராசிரியர்களை அமர்த்தவும் ஆராய்ச்சியை வளர்க்கவும் இடமளித்தது. பல்கலைக்கழகங்களின்மீது அரசின் பிடியை இறுக்கியதற்காக அச்சட்டம் கடுமையாக எதிர்க்கப்பட்டது. எனினும், அதில் இருந்த ஆராய்ச்சி என்னும் ஒரு சொல் சென்னையில் எதிர்பாராத பயனைத் தந்தது.

1912 மார்ச் மாதத்தில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்த சீனிவாச இராமானுஜன், கல்லூரியின் எஃப்.ஏ. தேர்விலேயே தேறாதவர். அதற்கு முன்பு நெல்லூர் ஆட்சியராக இருந்த ஆர். இராமச்சந்திர ராவ் தம் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து அவரைத் தாங்கியிருந்தார். ஒரு தனிமனிதரின் தயவில் நெடுநாள் வாழ விரும்பாமல்தான் இராமானுஜன் அந்த எழுத்தர் வேலையைத் தேடிக்கொண்டார். 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காட்டிய இராமானுஜனின் கணிதக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, பிழைப்பைப் பற்றிய கவலையின்றிச் சில ஆண்டுகளைக் கணிதத்திலேயே செலவிட அவருக்குப் பல்கலைக்கழகம் உதவ வேண்டும் என்று பதிவாளர் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதினார். விதி குறுக்கே நின்றது. ஆய்வு உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. இராமானுஜனிடம் எந்தப் பட்டமும் இல்லை. ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமைகளுள் ஒன்று என்று சட்டமே கூறுவதை எடுத்துக்காட்டி அந்தத் தடை கடக்கப்பட்டது. 1913 மே 1 முதல் ஈராண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் கொடுப்பதென்று முடிவாயிற்று. அவர் வாங்கிவந்த சம்பளத்தைப் போல் இது இரண்டரை மடங்கு. துறைமுகக் கழகம் அவருக்கு நீண்ட விடுப்பு அளித்தது.

இந்த ஏற்பாட்டின் நிபந்தனை கவனிக்கத்தக்கது. வகுப்பெடுக்க வேண்டும் என்றோ, பின்னர் இத்தனை ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்றோ, தேர்வெழுத வேண்டும் என்றோ பல்கலைக்கழகம் கேட்கவில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, செய்த வேலையைப் பற்றி அறிக்கை கொடுத்தால் போதும் என்றது. இராமானுஜன் அளித்த மூன்று காலாண்டு அறிக்கைகளில், வரையறுத்த தொகையீடுகளைக் கணக்கிடுவதற்கான பொதுவழி ஒன்று விளக்கப்பட்டிருக்கிறது. இன்று கணித உலகில் அது இராமானுஜனின் முதன்மைத் தேற்றம் என்று வழங்குகிறது. ஆய்வாளர்கள் இக்காலத்தில் சலிப்போடு நிரப்பி அனுப்பும் முன்னேற்ற அறிக்கை என்னும் அலுவலகத் தாளின் முன்னோடி, சென்னையில் இவ்வளவு உயர்ந்த பயனைத் தந்திருக்கிறது.

1914இல் அவர் கேம்பிரிட்ஜ் செல்வதற்கு அதே பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்கியது. முதலில் ஈராண்டுகளுக்கென வகுக்கப்பட்ட அத்தொகை பின்னர் 1919 வரை நீட்டிக்கப்பட்டது. அதில் ஆண்டுக்கு 50 பவுண்டு கும்பகோணத்தில் இருந்த குடும்பத்தின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டது. ஆய்வாளர் என்பவர் தனியாள் அல்லர், அவருக்குப் பின்னால் அவரது வருமானத்தை நம்பிய வீடு ஒன்று இருக்கிறது என்பதை உணர்ந்து வகுக்கப்பட்ட இந்த ஏற்பாடு, பிற்காலத்துத் திட்டங்கள் பலவற்றிலும் காணப்படாத நுண்மை உடையது. 1919 ஜனவரியில், தமக்கு மேலும் ஐந்தாண்டுகளுக்கு வழங்கப்படவிருந்த தொகையைப் பற்றிப் பதிவாளருக்கு எழுதிய கடிதத்தில், பெற்றோருக்குக் கொடுப்பதும் தம் செலவும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்களின் கல்விக் கட்டணத்துக்கும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்குவதற்கும் பயன்படுத்த வேண்டும் என்று இராமானுஜன் கேட்டுக்கொண்டார்.

அதே 1913இல் பரோடா சமஸ்தானத்தின் மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், பி.ஆர். அம்பேத்கருக்கு மாதம் 11.50 பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை அளித்து அவரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். திரும்பி வந்தபின் பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது அதற்கான ஒப்பந்தம். 1915இல் முதுகலைப் பட்டம் பெற்று, 1916இல் இலண்டனுக்கு மாறிய அம்பேத்கர், உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917இல் ஆய்வைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் உயர்ந்த பதவி கிடைத்தது. தங்குவதற்கு வீடு கிடைக்கவில்லை. சாதியின் காரணமாக எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்டு, அடையாளத்தை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டு, அவர் அவ்வூரை விட்டே நீங்கினார். கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவி, சேமிப்பு, நண்பரிடம் வாங்கிய கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்று 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். உதவித்தொகை ஒருவரைப் படிக்கவைக்க முடியும் என்பதையும், படித்தவர் வேலை செய்து வாழ்வதற்கான இடத்தை அதனால் மட்டும் உண்டாக்க முடியாது என்பதையும் இராமானுஜன், அம்பேத்கர் ஆகிய இருவரின் வரலாறுகளையும் அருகருகே வைத்துப் படிப்பவர் எளிதில் உணர்வார்.

பெண்களுக்கு இந்த வழி இன்னும் குறுகலாக இருந்தது. தலச்சேரியில் பிறந்து, சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஈ.கே. ஜானகி அம்மாள் தாவரவியலில் மேலாய்வு செய்ய, ஆசியப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஏற்படுத்தப்பட்டிருந்த பார்பர் உதவித்தொகை துணைசெய்தது. 1931இல் அங்கே அவர் முனைவர் நிலைப் பட்டம் பெற்றார். ஓர் இந்தியப் பெண் அறிவியலாளரின் ஆய்வுக் காலத்துக்கான செலவை ஓர் அமெரிக்கக் கொடையாளரின் அறநிதி ஏற்றது என்பது அன்றைய இந்திய நிறுவனங்களின் குறையைக் காட்டுகிறது.

1923ஆம் ஆண்டின் சட்டத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் கற்பிக்கும் நிறுவனமாக மாறிய பின் ஆய்வு மாணவர் என்னும் நிலை உறுதிப்பட்டது. தென்காசிப் பகுதியின் வல்லத்தைச் சேர்ந்த எஸ்.எஸ். பிள்ளை 1927இல் அங்கே கே. ஆனந்த ராவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, எண் கோட்பாட்டில் உலகம் மதிக்கும் பணியைச் செய்தார். 1930இல் மாநிலக் கல்லூரியை முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், இந்திய அரசின் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்ட கப்பற்பயணத்திலேயே விண்மீன்களின் நிறை வரம்பு பற்றிய கணக்கைத் தொடங்கினார்.

விடுதலைக்குப் பின் உதவித்தொகை தனிமனிதர்களின் பரிந்துரையிலிருந்து விடுபட்டு விதிகளின்கீழ் வந்தது. 1942இல் நிறுவப்பட்ட அறிவியல், தொழிலக ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆரும், 1956ஆம் ஆண்டின் சட்டத்தால் நிலைபெற்ற பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கான முதன்மை அமைப்புகளாயின. 1984இல் மானியக் குழு இளநிலை ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுக்க நாடு தழுவிய தேர்வைத் தொடங்கியது. 1989 முதல் அதே தேர்வு, கல்லூரி விரிவுரையாளர் ஆவதற்கான தகுதித் தேர்வாகவும் ஆகி, 'நெட்' என்னும் பெயரால் இன்று ஒவ்வொரு முதுகலை மாணவரின் வாழ்விலும் நுழைந்திருக்கிறது. தேர்ச்சி பெற்றவர்களுள் மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்த சிலருக்கு மட்டும் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை உதவித்தொகை கிடைக்கிறது. மற்றவர்களுள் பலருக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும் தகுதி கிடைக்கிறது. ஆராய்ச்சிக்கான தொகையும் ஆசிரியர் வேலைக்கான வாயிலும் ஒரே தேர்வில் பிணைக்கப்பட்டமையால், பலரும் ஆய்வு செய்யும் விருப்பத்தைக் காட்டிலும் வேலை பெறும் நோக்கத்துடனேயே அதை எழுதுகின்றனர். சில மணி நேரக் கொள்குறி வினாக்களால் ஆராய்ச்சித் திறனை அளக்க முடியும் என்னும் நம்பிக்கையும் ஐயத்துக்குரியது. இராமானுஜனுக்குத் தொகை கொடுத்தவர்கள் அவருடைய ஆய்வுக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தே முடிவெடுத்தனர்.

எனினும் விதிமுறை தந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. வாக்கரும் ஸ்பிரிங்கும் இல்லாத ஊர்களில் பிறந்தவர்களுக்கு விதியே துணை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கென 2005-06இல் தொடங்கப்பட்ட இராஜீவ் காந்தி தேசிய உதவித்தொகை, தம் குடும்பத்தில் முதன்முறையாகக் கல்லூரி கண்டவர்களை முனைவர் பட்டம் வரை கொண்டுசென்றது. சிறுபான்மையினருக்கென 2009இல் வந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டது.

தொகையின் அளவும் தானாக உயரவில்லை. 2010இல் 16,000 ரூபாயாக இருந்த இளநிலை உதவித்தொகை 2014இல் 25,000, 2019இல் 31,000, 2023இல் 37,000 என்று உயர்ந்ததற்கு, இடையிடையே ஆய்வாளர்கள் தெருவில் இறங்கி நடத்திய போராட்டங்களே பெரிதும் காரணம். 'நெட்' தேர்ச்சி இன்றி மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்வோருக்குத் தரப்பட்ட 8,000 ரூபாயையும், எம்.பில். மாணவரின் 5,000 ரூபாயையும் நிறுத்த 2015 அக்டோபரில் முடிவெடுக்கப்பட்டபோது, மாணவர்கள் தில்லியில் மானியக் குழு அலுவலகத்தை முற்றுகையிட்டனர். திட்டம் தொடரும் என்று அரசு அறிவிக்க நேர்ந்தது. ஆனால் அந்த 8,000 ரூபாய் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அப்போதும் உரியதாகவில்லை. மறுபுறம் 2018இல் தொடங்கிய பிரதமர் ஆய்வு உதவித்தொகை, ஐ.ஐ.டி. போன்ற உயர் நிறுவனங்களில் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு முதலிரண்டு ஆண்டுகளில் மாதம் 70,000 ரூபாய் வழங்குகிறது. ஒரே நாட்டில், ஒரே பட்டத்துக்காக ஆய்வு செய்யும் இருவருக்கிடையே, அவர்கள் சேர்ந்த நிறுவனத்தைப் பொறுத்து, ஏறத்தாழ ஒன்பது மடங்கு வேறுபாட்டை அனுமதிப்பது நீதியாகாது.

தமிழ்நாட்டில் ஆய்வு மாணவர்களுள் பெரும்பாலோர் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் பயில்பவர்கள். தேசியத் தேர்வில் இடம் பெறாத அம்மாணவர்கள் ஒவ்வொருவருக்கும், வாழ்வதற்குப் போதுமான தொகையை, மாதம் தவறாமல், ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள்வரை வழங்கும் பொறுப்பை மாநில அரசும் பல்கலைக்கழகங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.