காமன் பொட்டலும் கூட்ட மேடையும்

மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசாங்க ஏடுகளையும் கம்பெனிக் கணக்குகளையும் புரட்டுகின்றனர். இலங்கை மலையகத்தைப் பொறுத்தவரை அவ்வேடுகளில் பெரிதும் கிடைப்பது தலைக்கணக்கே. மனிதனின் குரல் அன்று. அக்குரலைக் கேட்கவேண்டுமாயின் தோட்டத்துப் பாட்டுகளிடமே நாம் செல்லுதல் வேண்டும்.

கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும், திருச்சி, மதுரை, சேலம் முதலிய மாவட்டத்து ஏழைகள் கங்காணிமாரால் மலையேற்றப்பட்டனர். கடன் அவர்களுடன் வந்தது. கூத்தும் ஒப்பாரியும் தாலாட்டும் வந்தன. அவற்றுள் தலையாயது மாசி மாதத்துக் காமன் கூத்து. பதுளைச் சீமைத் தோட்டங்களிலும் லயங்களுக்கருகே காமன் பொட்டல் என்றோர் இடம் உண்டு. மன்மதனுக்கும் ரதிக்கும் அங்கே மணம் நடக்கும், சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள், மாண்டவன் மீண்டும் எழுவான்.

இதனை வெறும் புராண மயக்கமென முற்போக்காளர் சிலர் ஒதுக்கிவிடக்கூடும். அது பொருந்தாது. விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியது தப்பு. திருவிழா இரவில் அவர்களை ஆடவைத்ததும் அதே தப்பு. துரையின் பேரேட்டில் எண்ணாக இருந்தவன் பொட்டலில் சிவனானான். கணவனை இழந்த ரதியின் புலம்பலில், ஊரையும் உறவையும் இழந்தோர் தம் துயரைக் கேட்டனர். எனினும் குறையை மறைத்தல் தகாது: எவருடைய தப்பின்றிக் கூத்தே இல்லையோ, அவரைச் சாதி தள்ளியே நிறுத்தியது.

பொட்டலில் கூடப் பழகிய மக்களைப் பாட்டு பின்னர்க் கூட்ட மேடைக்கும் அழைத்தது. 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையார் தாமே பாட்டுகளை இயற்றினார். தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடினார். எழுத்தறியாதவர்க்கு அப்பாட்டே பத்திரிகை. 1940இல் அவருடைய பாடல்கள் சிறுநூலாகவும் வெளிவந்தன. அதே ஆண்டில் பதுளைப் பகுதி வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் மூட்டிய வேலைநிறுத்தம் ஊவாவையே அசைத்தது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. கப்பலேறியோருடன் கூத்தாடியும் போனான், வாத்தியாரும் போனார். குடியுரிமைக் கேள்வி 2003ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின்னரே பெரும்பாலும் தீர்ந்தது, நிலக்கேள்வி தீரவில்லை.

அதன் விலையை மீரியபெத்த உலகுக்குக் காட்டிற்று. 2014 அக்டோபர் 29 காலையில், தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில், கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள அத்தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. அச்சரிவு ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால், சொந்தமென ஓர் அடி மண்ணும் இல்லாதவர் எங்கே பெயர்வது?

தோட்டத்துப் பாட்டுகளைத் தொகுக்க ஆசிரியரும் மாணவரும் முன்வருவது நன்று, சி. வி. வேலுப்பிள்ளை அவ்வழியைக் காட்டிச் சென்றார். ஆனால் பாட்டை எழுதிக்கொள்ளும் கை, பாடுவோர் எந்தச் சரிவின் கீழ்க் குடியிருக்கின்றனர் என்பதையும் எழுதுதல் வேண்டும். காமன் கூத்தில் எரிந்தவன் எழுவான். மண்ணில் புதைந்தவர் எழுவதில்லை.