தேயிலைச் சூளையிலிருந்து வந்த காற்று

தேயிலைக்கு முதல் எதிரி ஈரம். கிள்ளிய கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். அதை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, கடைசியில் நூற்றுக்கு மூன்று பங்கு ஈரம் மிஞ்சும்வரை உலர்த்தினால்தான் தூள் கெடாமல் நிற்கும். சூரியநெல்லி, சின்னக்கானல், தேவிகுளம் மலைகளில் இன்று பாக்டரிக்குள் நுழைகிற யாரும் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஒரு வாசலில் பச்சை இலை போகிறது, மறு வாசலில் கறுத்த தூள் மூட்டையாக வருகிறது. ஆனால் 150 ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கடைசிக் கட்டம்தான் தோட்டத் துரைமார்களின் தூக்கத்தைக் கெடுத்தது. அப்படித் தூக்கம் கெட்டவர்களில் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு ஐரிஷ் இளைஞனும் இருந்தான்.

பெயர் சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன். 1864இல் அயர்லாந்திலிருந்து கப்பலேறி, அசாமை ஒட்டிய கச்சார் பகுதியின் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். அங்கே அவன் கண்ட உலர்த்தும் முறை கரிச்சூளை. குழியில் மரக்கரியைக் கனல விட்டு, அதன் மேல் தட்டுகளில் இலையைப் பரப்பி, ஆட்கள் கையாலேயே கிளறிக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டு கருகியது, அடுத்தது நமுத்தது. கரிக்காகக் காடு கரைந்தது. புகை பிடித்த தூள் லண்டன் ஏலத்தில் விலை போகவில்லை. நெருப்பே இலையின் பக்கம் வராமல், சூடேறிய காற்று மட்டும் வந்தால் என்ன என்று டேவிட்சன் யோசித்தான். அந்த ஒரு கேள்விக்காகத் தோட்டத்தையே விற்றுவிட்டு ஊர் திரும்பப்போகிறோம் என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

1870களின் நடுவில் அவர் பெல்ஃபாஸ்ட்டுக்குத் திரும்பினார். கீழே இரும்பு அடுப்பு, மேலே அடுக்கடுக்காகத் தட்டுகள். சூடான காற்று தானாகவே மேலேறித் தட்டுகளின் ஊடே புகுந்து போகும்படி ஓர் உலர்த்தி செய்தார். சகாராவிலிருந்து வீசும் வெப்பக் காற்றின் பெயரான சிரோக்கோவை அதற்குச் சூட்டினார். 1881இல் அதே பெயரில் சொந்தப் பட்டறை எழுந்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இயந்திரங்கள் கப்பல் கப்பலாக வந்தன. இங்கே இடுக்கி மலைகளில் அப்போதுதான் காடு திருத்திக்கொண்டிருந்தார்கள். 1877இல் பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு எடுத்திருந்தார். 1880இல் ஏ. எச். ஷார்ப் பார்வதி தோட்டத்தில் முதல் தேயிலைச் செடிகளை நட்டார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் பின்னால் மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் குடியேறிக்கொண்டிருந்தன. கொழுந்து பெருகப் பெருக, டேவிட்சனின் உலர்த்திக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது.

காற்று தானாக மேலேறும் வேகம் போதவில்லை. மேல் தட்டின் ஈர இலையைத் தொட்டதும் காற்று குளிர்ந்து கனத்தது. கனத்த காற்று மேலே போக மறுத்தது. அதை இழுக்கவோ தள்ளவோ விசிறி வேண்டும். அந்தக் காலத்து விசிறி என்றால் பெரிய சக்கரம், அதில் அகலமான சில தகடுகள். சுரங்கங்களில் ஆளுயரத்துக்கும் மேலாக அது சுழன்றது. தகடு அகலமாக இருந்தால்தான் காற்று வரும் என்பது பொறியாளர்களின் வேதம். டேவிட்சன் முறைப்படி பொறியியல் படித்தவரல்லர். அதனால் அந்த வேதம் அவரைக் கட்டவில்லை.

வருடக்கணக்காகத் தகடுகளை வெட்டினார், வளைத்தார், மாற்றிப் பொருத்தினார். கடைசியில் கையில் மிஞ்சியது விசிறி மாதிரியே இல்லாத ஒன்று. நடுவில் வெற்று உருளை. அதன் விளிம்பைச் சுற்றி ஒல்லியான, நீளமான, குழிந்த தகடுகள் நெருக்கமாக நின்றன. வழக்கமான உருளையில் 64 தகடுகள். அவை சுழலும் திசைக்கே முகம் வளைந்திருந்தன. காற்று நடுவே நுழைந்து, தகடுகளின் குழிவில் அகப்பட்டு, வேகமெடுத்து வெளியே சீறியது. பழைய விசிறியில் பாதிகூட இல்லாத உருவம், ஆனால் அதே அளவு காற்று. சத்தமும் குறைவு. 1898இல் காப்புரிமை பெற்றார். தேயிலை உலர்த்துவதற்காகப் பிறந்த அந்த உருளை, தேயிலையோடு நிற்கவில்லை.

சுரங்கங்கள் வாங்கின. கப்பல் தளங்கள் வாங்கின. அதே பெல்ஃபாஸ்ட் நகரில் கட்டப்பட்ட டைட்டானிக் கப்பலின் உள்ளறைகளுக்குக் காற்று தள்ளியவையும் சிரோக்கோ விசிறிகளே. அமெரிக்காவில் உரிமம் வாங்கி அமெரிக்கன் புளோவர் கம்பெனி செய்து விற்றது. அதற்குப் போட்டியாக நின்ற விசிறிக் கம்பெனிகளில் ஒன்று பஃபலோ நகரத்தின் பஃபலோ ஃபோர்ஜ், கொல்லன் உலைக்குத் துருத்தி செய்து வளர்ந்த நிறுவனம். அங்கே 1901இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து புதிதாக ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். அவரிடம் அடுத்த ஆண்டே வந்த சிக்கலும் ஈரத்தைப் பற்றியதுதான்.

புரூக்ளினில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம். வண்ணப் படங்களை ஒவ்வொரு நிறமாக அச்சடிப்பார்கள். கோடைப் புழுக்கத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சி ஊதியது, காய்ந்த நாளில் சுருங்கியது. நேற்று அடித்த மஞ்சளின் மேல் இன்று அடித்த சிவப்பு ஒட்டாமல் விலகி நின்றது. இதற்கு ஒரு வழி காண வேண்டியவர் அந்த இளைஞர், வில்லிஸ் கேரியர். உப்புக் கரைசலில் ஊறிய துணியின் வழியே காற்றைச் செலுத்திப் பார்த்தார். ஈரம் குறைந்தது, ஆனால் காற்றில் உப்பு ஏறியது. இரும்பை அரிக்கும் காற்றை அச்சகத்துக்குள் விட முடியாது. பிறகு குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்களின் மேல் விசிறியால் காற்றை ஊதினார். 1902 ஜூலையில் வரைபடம் தயாரானது. அந்தக் குளிர்ந்த குழாய்களின் மேல் ஈரம் முத்து முத்தாக வியர்த்து வடிந்தது. தாள் அடங்கியது. அங்கே வேலை செய்தவர்களுக்கு உடம்பும் குளிர்ந்தது, ஆனால் அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதே ஆண்டின் பிற்பகுதியில், பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் மூடுபனிக்கு நடுவே வண்டிக்காகக் காத்திருந்தபோது கேரியருக்கு அடுத்த பொறி தட்டியது. மூடுபனி என்பது ஈரம் நிறைந்த காற்றுதான், ஆனால் அது குளிர்ந்திருப்பதால் அதில் அடங்கும் மொத்த நீர் குறைவு. காற்று எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு குறைவாகவே தண்ணீரைச் சுமக்கும். ஆகவே வெப்பநிலையைப் பிடித்தால் ஈரத்தைப் பிடித்துவிடலாம். சூரியநெல்லியில் பனி இறங்கும் காலையில் கொழுந்து வாடாது என்று எந்தத் தேயிலை மேக்கரும் சொல்வார். அவர் அனுபவத்தில் அறிந்ததைத்தான் கேரியர் சூத்திரமாக்கினார். 1906இல் காப்புரிமையும் வந்தது. ஆலைகள் வரிசையில் நின்றன. வீடு என்று ஒன்று இருப்பது மட்டும் யார் நினைவிலும் இல்லை.

1914இல்தான் முதல் வீடு வந்தது. மின்னியாபொலிஸ் நகரில் சார்லஸ் கேட்ஸ் என்ற செல்வந்தரின் மாளிகை. 20 அடி நீளம், 7 அடி உயரம், 6 அடி அகலம் என ஓர் அறை அளவுக்கு இயந்திரத்தை இறக்கினார்கள். ஆனால் வீடு முடிவதற்குள் கேட்ஸ் காலமானார். அந்த மாளிகையில் யாரும் நிலையாகக் குடியிருக்கவே இல்லை. உலகின் முதல் வீட்டுக் குளிரூட்டி ஆளில்லாத வீட்டில் நின்றது.

வீட்டுக்குப் போகாத குளிர் திரையரங்குக்குப் போனது. அங்கே முதலில் காலடி வழியாகக் குளிரை விட்டார்கள். ரசிகர்கள் காலில் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டு படம் பார்த்தார்கள். கேரியர் ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார். குளிர்ந்த காற்று கூரையிலிருந்து இறங்கட்டும், கீழே வெளியேறட்டும் என்றார். 1925ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் நியூயார்க்கின் ரிவோலி அரங்கில் அதைச் சோதித்தார்கள். கையில் விசிறியோடு உட்கார்ந்திருந்த கூட்டம், அரங்கு மெல்லக் குளிர்ந்ததும் ஒவ்வொருவராக விசிறியை மடியில் வைத்தது. மாடத்திலிருந்து பாரமவுண்ட் நிறுவனத்தின் அடால்ஃப் சூக்கர் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அமெரிக்கத் திரையரங்குகள் பின்வாங்கவில்லை.

இந்தியாவில் இது அரண்மனை வாசல் வழியாக வந்தது. 1930களில் இந்தூர் மகாராஜாவின் மாணிக் பாக், 1929இல் தொடங்கி 1943இல் முடிந்த ஜோத்பூரின் உமைத் பவன். இரண்டுமே புதிதாகக் கட்டியவை. காற்று போகும் பாதையைச் சுவரோடு சேர்த்தே திட்டமிட முடிந்தது. 1954இல் டாடாவும் வோல்கார்ட் பிரதர்ஸும் சேர்ந்து வோல்டாஸைத் தொடங்கியபோது அலுவலகங்களும் பெரிய கட்டடங்களும் குளிர்ந்தன. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த லட்சக்கணக்கான பழைய வீடுகள்தான் சிக்கலாக நின்றன.

அந்தச் சிக்கல் லேசுப்பட்டதல்ல. மத்திய குளிரூட்டி என்றால் ஓரிடத்தில் குளிர்வித்து டக்ட் வழியாக எல்லா அறைக்கும் காற்றை அனுப்ப வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் அந்த டக்ட்டை எங்கே வைப்பது? நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் தாழ்வாரம். மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கு. ஓர் உத்தரத்தை அறுத்தால் கூரையே இறங்கும். மலையின் பழைய தோட்ட பங்களாக்களில் கல் சுவர், கணப்பு அடுப்பு, தகரத்தின் கீழ் மரப்பலகைத் தட்டி. கட்டிய மேஸ்திரிகள் காற்று தானாகப் போய்வரத்தான் வழி செய்தார்கள். தள்ளிவிடப்படும் காற்றுக்கு அங்கே பாதை இல்லை. ஜன்னல் பெட்டி ஏசி வந்து அறைக்கு அறை தீர்வு சொன்னது, ஆனால் ஜன்னலைத் தின்றது. 1961இல் தோஷிபா வெளியிட்ட ஸ்பிளிட் ஏசி, இரைச்சலை வெளியே தள்ளியது. 1982இல் டைகின் அறிமுகப்படுத்திய வி.ஆர்.வி.தான் கட்டடத்தை அதிகம் உடைக்காமல் வேலையை முடித்தது. வெளியே ஒரே இயந்திரம். அதிலிருந்து விரல் தடிமன் காப்பர் பைப்புகள் சுவரோரமாக ஓடி, வீட்டின் பல உள் அலகுகளுக்குக் குளிரூட்டும் வாயுவைக் கொண்டுபோயின. காற்றைத் தொலைவுக்குச் சுமக்க வேண்டியதில்லை. உள் அலகின் பெட்டி தாழ்வாரத்துப் பொய்க்கூரைக்குள் படுத்துக்கொண்டு, இரண்டு மூன்று அறைக்குக் குட்டை டக்ட் வழியே காற்றைத் தள்ளினால் போதும்.

அந்தப் பெட்டியின் மூடியை மெக்கானிக் சர்வீஸுக்காகக் கழற்றும்போதுதான் கதை வெளிப்படுகிறது. உள்ளே நத்தை ஓடு போன்ற உறை. அதனுள் வெற்று உருளை, விளிம்பைச் சுற்றி நெருக்கமாக ஒல்லித் தகடுகள், சுழலும் திசைக்கு முகம் வளைந்தவை. சில தகடுகளின் குழிவில் தூசி அப்பிக் களிம்பாகியிருக்கும். கச்சாரின் கரிச்சூளையிலிருந்து தப்பிக்க டேவிட்சன் வளைத்த அதே விசிறி. உற்பத்தியாளர்களின் விவரத்தாள்களில் இன்றும் அதற்குப் பெயர் சிரோக்கோ ஃபேன்தான். டக்ட்டின் வளைவுகளும் வடிகட்டியும் தடுக்கிற அழுத்தத்தை மீறிக் காற்றைத் தள்ளும் வேலைக்கு, குறைந்த இடத்தில், குறைந்த சத்தத்தில், அதைவிடப் பொருத்தமானது வெகுகாலம் அமையவில்லை.

சூரியநெல்லியில் ஏசி போட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஜீப்பில் ஏறி கொழுக்குமலைக்குப் போனால், 7,000 அடிக்கும் மேலே, தேனி மாவட்ட எல்லைக்குள் இன்றும் பழைய முறையில் தேயிலை ஆகிறது. அதே மலையின் அடிவாரத்தில் போடிநாயக்கனூரின் சித்திரை வெயிலில் பழைய காரை வீடுகள் கொதிக்கின்றன. மேலே சூடான காற்று, கீழே குளிர்ந்த காற்று. தள்ளும் கருவிக்குப் பூர்வீகம் ஒன்றே.

பழைய வீட்டில் மத்திய குளிரூட்டும் வேலை தோற்பதும் பெரும்பாலும் அந்த விசிறியை மறந்துதான். டன் கணக்கைக் கூட்டிப் பெரிய இயந்திரம் வைத்தால் போதும் என்ற நினைப்பில், டக்ட்டை உத்தரத்துக்கு உத்தரம் நெளித்துக் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு நெளிவும் அழுத்தத்தைத் தின்று, கடைசி அறைக்கு வெறும் மூச்சுதான் வருகிறது. அளவுக்கு மீறிய இயந்திரமோ அறையைச் சட்டெனக் குளிர்வித்து நின்றுவிடுகிறது; ஈரம் வடிய நேரமில்லை, சுவர் பூஞ்சை பிடிக்கிறது. கேரியர் ஈரத்தைப் பிடிக்கத்தான் கருவி செய்தார் என்பது அங்கே நினைவில் இல்லை. வடிநீர்க் குழாய்க்கு நூறு அடிக்கு ஓரடியாவது சரிவு வைக்காததால் சுண்ணாம்புக் கூரை ஊறிப்போன வீடுகள் உண்டு. சுவரின் தடிமன், கூரையின் வகை, வெயில் விழும் பக்கம், திறந்த முற்றம் எல்லாவற்றையும் அளந்து வெப்பக் கணக்குப் போட்டு, விசிறி எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பார்த்து, அதற்கேற்ற டக்ட் வரைகிற ஆளுக்குக் கொடுக்கும் கூலிதான் ஒரு பழைய வீட்டின் முதல் செலவாக இருக்க வேண்டும். இயந்திரம் வாங்குவது அதற்குப் பிறகுதான்.