சந்தைக் கணக்கும் வானத்துக் கணக்கும்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "கணக்கு வாத்தியாரா இருந்தவன் என்னத்தை எழுதறது?" என்று தயங்கினேன். யோசித்துப் பார்த்தால், ஜவ்வாது மலையிலிருந்து என்னை நம் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்த்ததே ஒரு கணக்குதான். அதையும் அதன் வரலாற்றையும் சொல்கிறேன்.

அப்பா சாமையும் தேனும் சுமந்துகொண்டு அடிவாரச் சந்தைக்கு இறங்குவார். வியாபாரி தனித்தனி விலை சொல்ல மாட்டார். மொத்தப் பணத்தைக் கையில் திணிப்பார். ஒரு வாரம் 4 மரக்கால் சாமை, 3 படி தேன், 41 ரூபாய். மறுவாரம் 2 மரக்கால் சாமை, 5 படி தேன், 45 ரூபாய். "விலை போன வாரத்து விலைதான்" என்றாராம்.

பள்ளியில் அப்போதுதான் பிரதியிடல் முறை நடத்தியிருந்தார்கள். 2 மரக்கால் சாமையின் விலை, 45இல் 5 படி தேன் விலை போக மீதி. அப்படியானால் 4 மரக்காலின் விலை, 90இல் 10 படி தேன் விலை போக மீதி. இதை முதல் வாரக் கணக்கில் சாமை இருந்த இடத்தில் போட்டேன். 90இல் 7 படி தேன் விலை போனால் 41. ஆக, தேன் படி 7 ரூபாய். சாமை மரக்கால் 5 ரூபாய்.

தேனை மட்டும் தனியாக விற்ற பக்கத்து ஊர்க்காரருக்குப் படிக்கு 9 ரூபாய் கிடைத்திருந்தது! அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அடுத்த சந்தையில் தேனைத் தனியாக அளந்து தனியாகக் காசு வாங்கினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இவன் மேல படிக்கட்டும்" என்றார்.

இந்த வழிக்கு வயது அதிகம். சீனர்கள் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே குச்சிகளை வரிசையாக அடுக்கி இத்தகைய சமன்பாடுகளைத் தீர்த்தார்கள். நம் நாட்டில் பிரம்மகுப்தர், கி.பி. 628இல் எழுதிய நூலில், தெரியாத எண்களை நிறங்களாகக் கொண்டார். முதல் நிறத்தை ஒரு பக்கம் நிறுத்தி, மற்றவற்றை எதிர்ப்பக்கம் தள்ளி வகுத்தால் அதன் மதிப்பு வரும் என்றார். நான் சாமையைத் தேனால் சொன்னதும் இதேதான்!

பாஸ்கராச்சாரியார் 1150இல் 'பீஜகணித'த்தில் காளகம், நீலகம், பீதகம் என்று கருப்பு, நீலம், மஞ்சளின் பெயர்களையே வைத்தார். அதில் ஒரு கணக்கு: "நீ 100 கொடுத்தால் உன்னைப்போல் இரு மடங்கு பணக்காரன் ஆவேன்" என்கிறான் ஒருவன். "நீ 10 கொடுத்தால் உன்னைப்போல் ஆறு மடங்கு ஆவேன்" என்கிறான் மற்றவன். இருவரிடமும் இருந்தது எவ்வளவு? மாணவர்கள் போட்டுப் பாருங்கள். விடை 40, 170.

இனி வானத்துக் கணக்கு. சூரியனைச் சுற்றும் சிறுகோளின் பாதையைச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். ஜெர்மானியரான காஸ், 1810இல் பல்லாஸ் என்ற சிறுகோளுக்கு, தெரியாத ஆறையும் ஒவ்வொன்றாக நீக்கி விடை காணும் ஒழுங்கைத் தந்தார். எங்கள் மலையின் காவலூர் வான்காணகத்தில் ஆர். ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 4130 இராமானுஜன்! ஒரு இரவு பார்த்தால் ஒரு புள்ளிதான். பல இரவுகள் பார்த்துச் சமன்பாடுகள் சேர்ந்தால்தான் பாதை பிடிபடும்.

சந்தையிலும் அதேதான். ஒரு வாரத்து மொத்தத்தை வைத்து அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம்தான் காட்டிக்கொடுத்தது. இன்று கம்ப்யூட்டர் நொடியில் விடை தரும். ஆனால், "மொத்தம் இவ்வளவு, வாங்கிட்டுப் போ" என்று யாராவது சொன்னால், இன்னொரு கணக்கு கேட்க வேண்டியது நாம்தான். தம்பி தங்கைகளே, தயங்காமல் கேளுங்கள்.

வாழ்க நம் கல்லூரி!