வாகனத்துக்கு எந்த அன்ரனா?

அன்ரனா நீட்டிய வாகனத்தைக் கண்டால் ஒதுங்கி நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் 2004 ஆழிப்பேரலையின்போது தொலைபேசிகள் செயலிழக்க, அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கடத்தியது அமெச்சூர் வானொலிதான். அதனாலேயே இதைப் படிக்கத் தொடங்கினேன்.

145 மெகாஹேர்ட்ஸில் கால் அலைநீள அன்ரனா ஏறத்தாழ 49 சென்ரிமீற்றர். மலிவு, கிளைகளில் சிக்காது. எட்டில் ஐந்து அலைநீளத்தது சுமார் 1.2 மீற்றர், அடியில் சுருளோடு வரும். அது சக்தியை அடிவானத்தை ஒட்டி அனுப்புவதால் வன்னி போன்ற சமதரைக்குப் பொருந்தும். மலைநாட்டு வளைவுகளில் பல வேளை கால் அலையே கைகொடுக்கும்.

7 மெகாஹேர்ட்ஸ் வேறு கதை. கால் அலையே 10 மீற்றர். எந்த வாகனத்தில் பூட்டுவது? சுருள் வைத்துத்தான் குறுக்க வேண்டும். சுருள் அடியில் இருந்தால் பூட்டுவது சுலபம். நடுவில் இருந்தால் கூடுதலாகக் கதிர்வீசும், ஆனால் காற்றில் ஆடும். இரண்டிலுமே சக்தியின் பெரும்பங்கு வெப்பமாகத்தான் போகும். அலைவரிசையைச் சற்று நகர்த்தினாலும் திரும்ப இசைவாக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் உலோகக் கூரையின் நடுவில் பூட்டுங்கள். அந்தத் தகடு அன்ரனாவின் மறுபாதி. ஓட்டோவின் றெக்சின் கூரை உதவாது.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் முதலில், அன்ரனா பிறகு. எங்கள் பக்க வீதிகளில் மறித்துக் கேட்டால் காட்ட, பிரதியொன்று வாகனத்திலேயே இருக்கட்டும்.